பையன்களின் நிழல் ஏலம்

சிப்பி சூப் விருந்து வைத்துக் காசு சேர்க்கலாம் என்று யோசனை சொன்னது நான்தான். அதை ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் அந்தச் சிப்பி கெட்டுப்போனதற்கும் நான்தான் காரணம் என்று பேசினால் எனக்குக் கோபம் வருமா வராதா? பிப்ரவரி மாதக் குளிரில் சிப்பிப் பீப்பாய் ரயிலில் நல்லபடியாகத்தான் வந்து சேர்ந்தது. எங்கள் ஊர் ஸ்டேஷன் மாஸ்டர், பாவம் உறைந்துபோகக் கூடாதே என்று, அதை நல்ல மனசோடு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் மூடியைத் திறந்தோம். அன்று முழுக்க அத்தனை ஜன்னல்களையும் திறந்து வைத்துப் பனிக்காற்றில் உட்கார்ந்துதான் எல்லா வகுப்பும் நடந்தது.

அதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் சிப்பி. ஹாட்டி ப்ரூபேக்கர் என்று அப்பா அம்மா வைத்த பெயர் இருக்கும்போது, நடைபாதையில் போனால் "சிப்பி வருதுடா, மூக்கைப் பிடிச்சுக்கோ" என்பார்கள். இத்தனைக்கும் நான் அலைந்து காசு சேர்த்தது அவர்களுக்குத்தான். மேப்பிள் ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில், படிப்பை முடித்துப் போகிற வகுப்புக்கு மே மாதம் பதினோராம் வகுப்பான நாங்கள் விருந்து வைக்க வேண்டும். வீட்டில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. வகுப்பே உழைத்துச் சேர்க்க வேண்டும். அதுவரை எந்த வகுப்பும் கையை விரித்ததில்லை.

நான் வகுப்புத் தலைவி. பள்ளியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். எப்படி ஜெயித்தாய் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: எங்கள் வகுப்பில் பையன்களைவிடப் பெண் ஒருத்தி அதிகம். தோற்றவன் ஆர்வில் டைஸ், மருந்துக்கடைக்காரர் மகன். எங்கள் ஊர் மருந்துக்கடையில் சோடாவும் உண்டு; சனிக்கிழமைகளில் அதைக் கலந்து கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். அந்தச் சில்லறையைப் பையில் குலுக்கிக்கொண்டே நடக்கிறவன். மனம் கோணக் கூடாது என்று அவனைப் பொருளாளர் ஆக்கினோம். சிப்பி விவகாரம் முடிந்ததும் அவன் வகுப்புக்கு முன்னால் எழுந்து நின்றான்.

"அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள விருந்துக்குத் தேவையான பணம் சேரலைன்னா, திங்கட்கிழமை கூட்டம் போட்டுத் தலைவரை மாத்தறோம். இது தனிப்பட்ட கோபம் இல்லை."

"இல்லவே இல்லை" என்றாள் என் தோழி லியோனா. "உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது."

விருந்தன்று எல்லாருக்கும் முன்னால் எழுந்து வரவேற்புரை சொல்வது தலைவர். அதை நான் செப்டம்பரிலேயே எழுதிவிட்டேன். கண்ணாடி முன் நின்று, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கையைத் தூக்க வேண்டும் என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன். அந்த இடத்தில் ஆர்வில் நின்று தலைமுடியைக் கோதிக்கொண்டு பேசுவதை நினைத்தாலே வயிறு எரிந்தது.

அதனால்தான் நிழல் ஏலம் என்று முடிவு செய்தேன். பக்கத்து ஊர்ப் பள்ளியில் நடத்தி நல்ல காசு பார்த்திருந்தார்கள். மேடையில் வெள்ளைத் துணியைக் கட்டி, பின்னால் விளக்கு வைப்பார்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாக நடுவில் வந்து நிற்க வேண்டும். துணியில் விழுகிற நிழலை மட்டும் பார்த்துப் பையன்கள் விலை கேட்பார்கள். எடுத்தவனுக்கு அவளும் அவள் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டுப் பெட்டியும் கிடைக்கும்; இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். யாருடைய நிழல் என்று ஏலம் முடிந்த பிறகுதான் தெரியும்.

விஷயம் வெளியே வந்த மறுநாளே தலைமையாசிரியர் விட்காம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் பாதிரியாரின் மனைவி ஸ்ட்ரவுட் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தொப்பியில் இருந்த இறகு கோபத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"பொண்ணுங்களை விளக்குக்கு முன்னாடி நிறுத்தி ஆம்பளைங்க விலை பேசறதா? இதென்ன பள்ளிக்கூடமா, மாட்டுச் சந்தையா? கணுக்கால் வரைக்கும் நிழல்ல தெரியுமே!"

விட்காம் சார் மீசையைத் தடவினார். "ஹாட்டி, அம்மா சொல்றதுல நியாயம் இருக்கு. பொண்ணுங்க அந்தத் துணிக்குப் பின்னாடி நிக்கக் கூடாது. இதுதான் முடிவு."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. விலை போகாத பெண்ணின் கதி என்ன என்று நினைத்து இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. என் மூக்கின் நிழல் ஊருக்கே அடையாளம் தெரியும். ஆனாலும் அந்த அம்மா மூக்கை நுழைத்ததில் எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"பொண்ணுங்க நிக்கக் கூடாது. அவ்ளோதானே சார்?"

"அவ்ளோதான்."

"அப்ப பையன்க நிக்கட்டும். லேடீஸ் விலை கேட்கட்டும்."

ஸ்ட்ரவுட் அம்மா நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"பையன்களா?" என்றார். "அப்போ அந்தச் சாப்பாட்டுப் பெட்டியை யார் கட்டறது?"

"அவங்களேதான். அம்மா, அக்கா யாரும் கைவைக்கக் கூடாது."

"எங்க வீட்டுக்காரருக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது" என்றார் ஸ்ட்ரவுட் அம்மா மெதுவாக. தொப்பி இறகு ஆடுவது நின்றது. "பையன்களோட கணுக்காலை எவ பார்க்கப் போறா! நடத்துங்க சார். நான் முன்வரிசையில வந்து உட்காருவேன்."

வகுப்பில் சொன்னதும் பையன்கள் கத்திய கத்தலில் கரும்பலகை விழாதது ஆச்சரியம்.

"ஒரு பையனைக் காசு குடுத்து யார் வாங்குவா?" என்று கேட்டான் ஆர்வில்.

"அதானே உன் பயம்?" என்றாள் லியோனா. "உன்னை யாரும் வாங்க மாட்டாங்கன்னு."

"என்னையா? எனக்குத்தான் அன்னிக்கு அதிக விலை போகும், பார்த்துக்கோ."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். அவன் நிற்கிறேன் என்ற பிறகு மற்றவர்கள் பின்வாங்க முடியவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து எம்மெட் லிண்ட்க்விஸ்ட் கையைத் தூக்கினான். பன்றிப் பண்ணைக்காரர் மகன், பேசவே மாட்டான். "பெட்டியில என்னென்ன வைக்கணும்?" என்று மட்டும் கேட்டான்.

அந்த வாரம் முழுக்க எனக்குப் பொழுதுபோனதே தெரியவில்லை. லத்தீன் வகுப்பில் எம்மெட் சீட்டு எழுதி அனுப்பினான்: உருளைக்கிழங்கை உரித்துவிட்டு வேக வைப்பதா, வேக வைத்துவிட்டு உரிப்பதா? இன்னொருவன் கோழியை வறுக்கப் போய்ப் புருவத்தைப் பொசுக்கிக்கொண்டு வந்தான். ஆர்வில் மட்டும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "நானே செய்யறேன். எங்கம்மாகிட்டகூடக் கேட்கல" என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தான்.

எனக்கு உள்ளுக்குள் உதறல்தான். யார் வந்து விலை கேட்பார்கள்? ஏலத்தில் காசு போடுவது ஆண்கள் வேலை. அவர்கள் பையன்களின் நிழலுக்கா போடப் போகிறார்கள்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி மண்டபக் கதவைத் திறந்ததும் என் பயத்துக்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று. சுற்றுவட்டாரப் பண்ணைகளில் இருந்த அத்தனை பெண்களும் பனிச்சறுக்கு வண்டிகளில் வந்து இறங்கியிருந்தார்கள். அவர்கள் எல்லாரிடமும் முட்டைக் காசு இருந்தது. பயிரும் பன்றியும் வீட்டுக்காரர் கணக்கு. முட்டையும் வெண்ணெயும் விற்று வருகிற காசு வீட்டுக்காரியுடையது. அதில் எந்தப் புருஷனும் கைவைக்க மாட்டான். வருஷக் கணக்காக அந்தக் காசு முடிச்சில் இருந்தது. எங்கள் ஊரில் ஒருவர்கூட அதுவரை அவர்களைப் பார்த்து "நீங்க என்ன விலை கேட்கறீங்கம்மா?" என்று கேட்டதில்லை.

ஏலம் போட வந்தவர் கர்னல் பாசெட். எங்கள் பக்கத்தில் ஏலம் போடுகிறவர் எல்லாருமே கர்னல்தான்; பட்டாளத்தைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை. காசு வாங்காமல் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். ஆனால் அவருக்குப் பழக்கம் பன்றி ஏலம்தான்.

"பாருங்கம்மா, பாருங்க! எவ்ளோ அகலமான முதுகு! நடையில தளர்ச்சி இல்ல! நாலு காலும்... மன்னிக்கணும், ரெண்டு காலும் உறுதி! நல்லாத் தீனி தின்னு வளர்ந்தது! என்ன விலை, என்ன விலை?"

பையன்கள் அடையாளம் தெரியாமலிருக்க அப்பாமார்களின் நீளக் கோட்டையும் தொப்பியையும் மாட்டியிருந்தார்கள். முதலில் வந்தவன் விளக்கை ஒட்டி நின்றுவிட்டான். துணி முழுக்க இருட்டாகி, இரண்டு காது மட்டும் கூரையில் தெரிந்தன. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்த கையோடு விலையும் கேட்டார்கள். ஒருத்தி இருபது சென்ட் என்றால் அவள் ஓரகத்தி முப்பது என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன்மார்கள் வாயைப் பிளந்தார்கள். லியோனா மடியில் வைத்திருந்த தகர டப்பாவில் காசு விழுகிற சத்தம் எனக்குத் தேவாலய மணியைவிட இனிமையாக இருந்தது.

இங்கே ஆர்வில் செய்திருந்த திருட்டு வேலையைச் சொல்ல வேண்டும். மார்தட்டினானே தவிர, யாரும் வாங்காவிட்டால் என்ன செய்வது என்று பையனுக்குக் கிலி. அம்மாவிடம் ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தான்: "யார் தொப்பியை எடுத்துட்டு மறுபடி போடறானோ அவன்தான் நான். எவ்ளோ ஆனாலும் விடாதே." டைஸ் அம்மாவுக்குக் கிட்டப்பார்வை. நாலு பேர் இருக்கிற இடத்தில் கண்ணாடி போட்டுக்கொள்ளவும் மாட்டார்.

எம்மெட்டுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் துணிக்குப் பின்னால் வந்து நின்றான். எதிரே இத்தனை பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களே என்று, வீட்டில் சொல்லிக்கொடுத்தபடி, மரியாதையாகத் தொப்பியை எடுத்துத் தலை குனிந்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான்.

"ஐம்பது சென்ட்!" என்று கத்தினார் டைஸ் அம்மா.

"எழுபத்தஞ்சு!" என்றார் ஸ்ட்ரவுட் அம்மா. "இன்னிக்கு வந்ததுல மரியாதை தெரிஞ்ச பையன் இவன் ஒருத்தன்தான்."

"ஒரு டாலர்!"

"ஒண்ணேகால்!"

இரண்டு பேரும் எழுந்தே நின்றுவிட்டார்கள். இறகு ஒரு பக்கம் ஆடுகிறது, சால்வை ஒரு பக்கம் நழுவுகிறது. கர்னலுக்கு வாய் வலித்திருக்கும். மூன்று டாலரில் ஸ்ட்ரவுட் அம்மா பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். டைஸ் அம்மா பையைக் கவிழ்த்துக் கடைசிக் காசு வரை டப்பாவில் போட்டார். துணிக்குப் பக்கத்திலிருந்து எம்மெட் பெட்டியோடு வந்து நின்றான். டைஸ் அம்மா அவன் முகத்துக்கு நேரே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நீ யாருப்பா?"

"எம்மெட்ங்கம்மா. பசிக்குதுங்களா?"

லியோனா என் காதைக் கடித்தாள். "ஹாட்டி, இன்னும் ரெண்டே ரெண்டு டாலர்தான். அது வந்துட்டா முடிஞ்சுது."

பாக்கி இருந்தது ஒரே ஒரு நிழல். கோட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மோவாயை நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்ததிலேயே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இதோ கடைசி உருப்படி! என்ன நிமிர்வு, என்ன தோரணை! இருபத்தஞ்சு சென்ட்? இருபது? சரி, பத்து?"

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முடிச்சுகள் எல்லாம் காலி. வாங்கியவர்களுக்குப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற அவசரம். துணியில் நிழல் தொப்பியை எடுத்தது, போட்டது. டைஸ் அம்மா அதைப் பார்த்துக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அஞ்சு சென்ட்? அம்மாமாரே, ஒரு முட்டை விலை?"

தொப்பி மறுபடி மேலே போயிற்று, கீழே வந்தது. பின்வரிசையில் பன்னிரண்டாம் வகுப்புக்காரர்கள் இளிக்கத் தொடங்கினார்கள். எனக்கும் முதலில் குளுகுளு என்றுதான் இருந்தது. நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது தடவை எழும்பிய தொப்பி கீழே இறங்காமல் காற்றிலேயே நின்றது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அதோடு, இரண்டு டாலர் இல்லாவிட்டால் திங்கட்கிழமை என் தலை போகும். யாராவது ஒருவர் ஆரம்பித்து வைத்தால் நாலு பேர் தொடர்வார்கள். என் கோட்டுப் பையில் இருந்தது பத்து சென்ட். வேறு காசு இல்லை.

"பத்து சென்ட்!" என்றேன்.

மண்டபம் "ஓ" என்று கத்தியது. "ஆர்வில் டைஸைச் சிப்பி வாங்குதுடோய்!" என்று பின்வரிசையில் ஒருவன் கூவினான்.

அப்போது துணிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "இருபது!"

கர்னல் திரும்பித் துணியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"முப்பது வருஷமா பன்னி ஏலம் விடறேன். பன்னியே தன்னை ஏலம் கேட்டு இன்னிக்குத்தான் பார்க்கறேன். சார், இது செல்லுமா?"

விட்காம் சார் எழுந்தார். மீசை துடித்தது. "பொண்ணுங்க நிக்கக் கூடாதுன்னு சொன்னேன். நிழல் விலை கேட்கக் கூடாதுன்னு நான் சொல்லல."

நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தித்தான் இருப்பேன். ஆனால் துணிக்குப் பின்னாலிருந்து, "என்ன ஹாட்டி, பத்து சென்ட்டோட உன் சீமாட்டித்தனம் முடிஞ்சுதா?" என்று அவன் கேட்டான். அவ்வளவுதான்.

"முப்பது!"

"நாற்பது!"

"அறுபது!"

"எண்பது!"

"ஒரு டாலர்!" என்று கத்திவிட்டுத்தான் எனக்கே உறைத்தது. லியோனா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "உன்கிட்ட ஏதுடி ஒரு டாலர்?" சனங்கள் கை தட்டினார்கள், காலால் தரையை உதைத்தார்கள். பெட்டியைத் திறந்தவர்கள்கூட மூடிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணேகால்!" என்றது நிழல்.

"ஒன்றரை!" என்றேன் நான்.

நிழல் அசையாமல் நின்றது. அவன் விட்டுவிட்டால் ஊர் மத்தியில் பையைத் திறந்து பத்து சென்ட்டைக் காட்ட வேண்டும். விருந்துப் பணமும் சேராது. தலைவி பதவி போவது இருக்கட்டும், நான் எந்த முகத்தோடு பள்ளிக்கு வருவேன்?

"ஒன்றரை டாலர், ஒரு தரம்" என்றார் கர்னல். யாரோ இருமினார்கள். "ரெண்டு தரம்..."

"ரெண்டேகால்!" என்று துணி அலறியது.

கர்னல் என்னைப் பார்த்தார். மண்டபமே என்னைப் பார்த்தது. நான் உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மூணு தரம்! ஆர்வில் டைஸ், ஆர்வில் டைஸுக்கே!"

லியோனா டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக் குதித்தாள். பதவி பிழைத்தது, விருந்தும் பிழைத்தது. சந்தோஷத்தில் பக்கத்தில் இருந்த ஸ்ட்ரவுட் அம்மாவைக் கட்டிக்கொண்டேன், அவரும் தள்ளிவிடவில்லை.

எல்லாரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்கள். எம்மெட்டின் உருளைக்கிழங்கை டைஸ் அம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். மூலையில் ஆர்வில் தன்னந்தனியாக, எதிரே இரண்டு தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையில் குலுக்க ஒன்றும் மீதி இருந்திருக்காது. நான் போய் நின்றேன்.

"உட்காரலாமா?"

"காசு குடுத்து வாங்கினது நான்."

"ரெண்டு பேருக்குக் கட்டிக்கிட்டு வந்திருக்கியே."

கொஞ்சம் நகர்ந்துகொண்டான். முட்டை சாண்ட்விச், ஊறுகாய் வெள்ளரி, நடுவில் குழிந்துபோன ஒரு கேக். நான் கேட்காமலே ஒரு சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டேன்.

"திங்கட்கிழமை கூட்டம் இருக்கா?"

"இருக்கு." அவன் காது சிவந்தது. "பொருளாளர் கணக்கு வாசிக்கணும். விருந்துக்கு யார் யார் என்ன வேலைன்னு தலைவி சொல்லணும்."

தலைவி என்று அவன் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வருமோ என்று பயமாகிவிட்டது. அதை மறைக்க உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

"ஆர்வில், என்கிட்ட இருந்தது பத்து சென்ட்தான்."

அவன் மெல்வதை நிறுத்தினான். "ஒன்றரை டாலர்னு கத்தினியே?"

"கத்தினேன்."

"அதோட நான் விட்டிருந்தா?"

"நான் செத்தேன். நீதான் தலைவர்."

அவன் என்னையே பார்த்தான். அப்புறம் சிரிக்கத் தொடங்கி, புரையேறி, நான் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

"விட்டுடலாம்னுதான் நினைச்சேன்" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "துணிக்குப் பின்னாடி நின்னு கணக்குப் போட்டுக்கிட்டேதான் இருந்தேன். நீ ஜெயிச்சாலும் ரெண்டு டாலர் சேராது, திங்கட்கிழமை நான்தான்னு எனக்குத் தெரியும். கர்னல் ரெண்டு தரம்னு சொல்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டுத்தான் நின்னேன்."

"பின்ன ஏன் விடல?"

"விட்டா நீ வந்து என் எதிர்ல உட்காருவே. நான் செஞ்சதைத் தின்னுட்டு ஸ்கூல் முழுக்கச் சொல்லுவே. அதுக்குப் பயந்துதான் கேட்டேன்."

நான் அப்போது இரண்டாவது சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல், முட்டை ஓடு ஒன்றிரண்டு பல்லில் பட்டது. மற்றபடி நன்றாகவே இருந்தது. திங்கட்கிழமை அதை ஸ்கூல் முழுக்கச் சொன்னேன்.